பதிலளிக்க மறுத்தார்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. அரசாங்கப் படிவத்தில், நீல மையில், எல்லோரும் பாராட்டும் என் குண்டுக் கையெழுத்தில் எழுதியது.

பதினாறு வருடங்களுக்கு முன்னால் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. எந்த அலுவலகம், எதற்காக என்பதெல்லாம் வேண்டாம். ஓய்வூதியம் வாங்குகிறவள் நான். திருப்பாலைவனத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் கரையில் நின்றேன். முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன் பேர் என்ன?"

பதில் இல்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு இறால் கிடைக்கும்?"

அதற்கும் இல்லை.

"எந்த இடத்துல அதிகமா கிடைக்கும்?"

அவள் நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் கையை விட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கான கட்டத்தில் எழுதினேன்: பதிலளிக்க மறுத்தார்.

அவள் வாயில் பறி இருந்ததை நான் கவனிக்கவில்லையா? கவனித்தேன். கவனித்தும் எழுதினேன். அதைத்தான் பொய் என்கிறேன்.

(பறி என்பது பனையோலையில் பின்னிய கூடை. வாய் குறுகல், வயிறு பெரிது. அந்த ஏரியில் வலையில்லாமல் கையாலேயே இறால் பிடிக்கிறவர்களுக்கு இரண்டு கையும் சேற்றுக்குள் வேண்டும். அதனால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்து, மார்புக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் பறி விழும். பறி விழுந்தால் பிடித்ததெல்லாம் ஏரிக்கே திரும்பிப் போகும்.)

மத்தியானம் பஸ்ஸுக்காக நின்றபோது அவளே பக்கத்தில் வந்து நின்றாள். பறி இப்போது இடுப்பில் இருந்தது.

"பேர் சொல்லலன்னு கோச்சிக்கினியா மேடம்? வசந்தா. கையில இறாலு, வாயில பறி. எதால சொல்றது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "மன்னிச்சுக்கம்மா. தப்பா எழுதிட்டேன். மாத்திடறேன்."

"இன்னா எழுதின?"

"பதில் சொல்ல மறுத்துட்டாங்கன்னு."

வசந்தா சிரித்தாள். முன்பல் நான்கும் விளிம்பில் தேய்ந்திருந்தன. "அப்டியே வுடு. நல்லாத்தான் கீது. பறி இல்லன்னா மட்டும் இறாலு எங்க கீதுன்னு உன்கிட்ட சொல்லியிருப்பனா?"

பஸ் வந்தது. நான் ஏறினேன். மாற்றி எழுதவில்லை. அவள் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பதினாறு வருடமாக வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

2

தொடக்கங்கள். (அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.)

முதல் தொடக்கம்: "ஒல்லாந்தர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி ஒரு தலைமுறை கழிந்திருந்த காலம். கடலில் மரக்கலங்கள் நங்கூரமிட்டிருக்க, துறையெங்கும் துணி மூட்டைகளும் வாசனைச் சரக்குகளும் குவிந்து"

இதற்கு மேல் போகவில்லை. இப்படித் தொடங்கினால் அடுத்தது ஒரு குதிரை வர வேண்டும், குதிரைமேல் ஒரு வீரன் வர வேண்டும். தவிர, அந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் மனிதர்களையும் கப்பலில் ஏற்றி விற்கக் கொண்டுபோன காலம் அது. வாசனைச் சரக்கு அந்த நாற்றத்தை மூடிவிடுகிறது.

இரண்டாம் தொடக்கம்: "கோட்டைத் துரைக்கு அன்று காலையிலிருந்தே வயிறு சரியில்லை."

இது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். பிறகு பார்த்தால் கதை முழுக்க அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது என் கதைநாயகி எல்லம்மா கதவருகே நிற்கும் ஓர் ஈர உருவம், அவ்வளவுதான். கரையில் நின்று நான் பார்த்தேனே, அதே பார்வை. கிழித்துப் போட்டேன்.

ஏன் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துக்குப் போனேன் என்று கேட்பீர்கள். வசந்தா எனக்குப் பதில் சொல்லாததால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் படிவம்தான் பாழானது. வாயைத் திறக்காததற்கு உடம்பையே விலையாகக் கேட்கும் ஒரு காலம் எனக்குத் தேவைப்பட்டது. இன்னொரு காரணமும் உண்டு. கணக்கெடுப்பு நாட்களில் என் தயிர்சாதத்தை ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்து நிழலில்தான் சாப்பிடுவேன். அந்தக் கற்களில் பெயரும் வருடமும் மண்டையோடும் எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஏரியில் இறால் பிடித்தவர்களுக்குக் கல் இல்லை. அதற்காக யாரும் ஆவணங்களைத் தேடிப் போக வேண்டாம். எல்லம்மா நான் கற்பனையில் கட்டியவள். வருடம் சொல்ல மாட்டேன். கோட்டையில் இன்ன அதிகாரி என்று பெயரும் வைக்க மாட்டேன்.

(அவர்கள் அன்று எப்படிப் பேசினார்களோ, எனக்குத் தெரியாது. வசந்தாவின் பேச்சை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.)

3

எல்லம்மா இரண்டு உள்ளங்கைகளையும் சேற்றில் பரப்பித் தடவியபடி முன்னே நகர்ந்துகொண்டிருந்தாள். விடிந்து வெகு நேரமாகியிருந்தது. விரலுக்கடியில் இறால் துடித்தால் இரண்டு கையும் கூடும். பிடித்ததைப் பறிக்குள் விட்டுவிட்டு மறுபடியும் சேற்றுக்குப் போகும். கூப்பிடு தூரத்தில் அவள் புருஷன் முனியன். அவன் வாயிலும் பறி. காலையிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. வேலை அப்படி.

கோட்டைப் பக்கமிருந்து யாரோ தண்ணீரில் நடந்து வரும் சத்தம் கேட்டது. ஏரிக்காரர்கள் நடக்கும் சத்தமில்லை. ஏரியில் காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தரையோடு இழுத்து நடக்க வேண்டும். அடியில் திருக்கை படுத்திருக்கும், மிதித்தால் முள்ளால் அடித்துவிடும். வந்தவளோ ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்தாள். வயலில் நாற்று நடுகிற நடை. (எனக்கு அந்த நடை தெரியும். நான் திருப்பாலைவனத்துக்காரி. ஏரியில் இறங்கினால் நானும் அப்படித்தான் நடப்பேன்.)

அவள் எல்லம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. வலது மணிக்கட்டில் அறுந்த கயிறு தொங்கியது.

எல்லம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மூன்று நாட்களாக உள்நாட்டிலிருந்து ஆட்களை நடத்திக்கொண்டு வந்து கோட்டைக்குள் அடைத்ததை ஏரியில் இருந்த எல்லோரும் பார்த்திருந்தார்கள். மழை பொய்த்த ஊர்களின் சனங்கள். முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் ஒன்று அவர்களுக்காக நின்றது.

"அக்கா, எந்தப் பக்கம் போனா தப்பிக்கலாம்?"

எல்லம்மாவின் கையில் ஓர் இறால் இருந்தது. வாயில் அரை நாள் உழைப்பு இருந்தது. அவள் பேசவில்லை. முகத்தைத் திருப்பினாள். பறியும் கூடவே திரும்பி ஒரு திசையில் நின்றது.

எந்தத் திசை என்று ~~வடக்கே~~ எழுதி அடித்தேன். அடித்த பிறகும் படிக்க முடிந்ததால் சொல்கிறேன், அது வடக்கு இல்லை. முதலில் பொய்யாக ஒன்றை எழுதிப் பார்த்தேன். பொய்த் திசையாக இருந்தாலும் எழுதக் கூடாது என்று பிறகுதான் தோன்றியது.

அந்தப் பெண் இரண்டு அடி வைத்தாள். "ம்ம்" என்றாள் எல்லம்மா. வாய் திறக்காமல் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான். ஓடி வந்தவள் திரும்பிப் பார்த்ததும் எல்லம்மா தன் காலைச் சேற்றோடு இழுத்துக் காட்டினாள். ஒரு முறை, இன்னொரு முறை. அந்தப் பெண் பார்த்துக்கொண்டாள். தானும் இழுத்து நடந்தாள். சத்தம் நின்றது. முனியன் தலை தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

(அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. பெயர் இருந்தால் யாராவது பின்னாலிருந்து கூப்பிடுவார்கள்.)

4

கொஞ்ச நேரத்தில் தோணி வந்தது. இரண்டு காவல்காரர்கள், கூட துபாஷி ஆதிகேசவன். கோட்டைக்காரர்கள் பேச்சைத் தமிழிலும் தெலுங்கிலும், நம் சனங்கள் பேச்சை அவர்கள் மொழியிலும் மாற்றிச் சொல்வது அவன் வேலை.

"ஏ பொம்பள, இந்தப் பக்கமா ஒருத்தி ஓடியாந்தாளா?"

எல்லம்மா இறாலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கையில கவுறு கட்டினவ. எந்தப் பக்கம் போனா?"

அவள் நிமிர்ந்து அவனை ஒரு முறை பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் கையை விட்டாள்.

ஆதிகேசவன் முனியனிடம் கேட்டான். முனியனும் அதேதான் செய்தான்.

"அத்தக் கீழ வச்சிட்டுப் பேசு, இன்னா" என்றான் ஆதிகேசவன். அவள் காதில் விழாததுபோல இருந்தாள். காவல்காரர்கள் இறங்கி, கைக்கு எட்டியவளைப் பிடித்து இழுத்துத் தோணியில் ஏற்றினார்கள். கரையேறிக் கோட்டை வாசலுக்குப் போகும்வரை பறி அவள் பல்லிலேயே இருந்தது. ஓர் இறால்கூட வெளியே விழவில்லை.

இங்கே என் பேனா இரண்டு மாதம் நின்றுவிட்டது.

கீழ்ப்படியாமையைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் நான். ஆனால் இதுவரை எல்லம்மா கீழ்ப்படியாமல் என்ன செய்துவிட்டாள்? அவள் வாய் நிறைந்திருந்தது. பேச முடியாதவள் பேசாமல் இருந்தால் அதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்கலாமா? மாட்டிக்கொண்ட நிலைமையையெல்லாம் வீரமாக்கி எழுதுவது கதைக்காரர்களின் கெட்ட பழக்கம்.

ஐந்தாம் வகுப்பில் எனக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி, தெ. இந்திராணி." காய்ச்சல் வந்தாலும், காது குத்து வந்தாலும், கடைசி வரி இதுதான். அதன் பிறகு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம். மாணவி ஊழியரானாள், கீழ்ப்படிதல் அப்படியே இருந்தது. அதில் ஒரு வசதி இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். தப்பு நடந்தால் கையெழுத்து என்னுடையது, முடிவு வேறு யாருடையதோ. வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.

5

ஆதிகேசவனைப் பற்றிச் சந்தேகம்.

முதல் பிரதியில் அவனுக்கு ஒன்றரைக் கண்ணும் வெற்றிலைக் கறையும் ஒரு கேவலமான சிரிப்பும் கொடுத்திருந்தேன். வாசகர் பார்த்தவுடனே வெறுக்க வேண்டுமே. இரண்டாம் பிரதியில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். அவன் மோசமானவன் இல்லை. சுத்தமான வேட்டி, மூன்று மொழி, நேரத்துக்கு வேலை. சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவன் என்று கோட்டையில் நல்ல பெயர். கயிறு கட்டிய சனங்களைப் பார்க்கும்போது அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

அவன் என் சக ஊழியன். இன்னும் பச்சையாகச் சொன்னால், கரையில் நின்று மூன்று கேள்வி கேட்டவளும் தோணியில் நின்று இரண்டு கேள்வி கேட்டவனும் ஒரே ஆள்தான். மேலிடத்திலிருந்து "இப்படி எழுது" என்று வந்தால் நானும் அப்படி எழுதியிருக்கிறேன். எத்தனை முறை என்று கேட்காதீர்கள்.

ஆகவே அவனைத் திட்டுகிற உரிமை எனக்கு இல்லை. கதைக்குள் நடமாட விடுகிறேன், பார்ப்போம்.

6

கோட்டைக்குள் ஓர் அறை. நாற்காலியில் துரை. (வயிற்றுவலியை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம் எழுதியது முழுக்க வீணாக வேண்டாம்.) பக்கத்தில் ஆதிகேசவன். எதிரே எல்லம்மா, சேலையிலிருந்து தண்ணீர் வழிய, பல்லில் பறியோடு.

"பறியக் கீழ வையி" என்றான் ஆதிகேசவன்.

எல்லம்மா கீழே வைத்தாள்.

எனக்கே ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வைத்தாள். தாடையை ஒரு முறை அசைத்துப் பார்த்துக்கொண்டாள். இப்போது வாய் காலி. காவல்காரர்கள் இழுத்தபோதுகூட விழாத பறி, பேசாததற்கு அவளுக்கிருந்த சாக்கு, ஒரு சொல்லில் போய்விட்டது.

துரை பேசினார். ஆதிகேசவன் வழக்கம்போலக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். "சாயங்காலம் கப்பல் கெளம்புது. ஒரு ஆள் கொறையுது. அவ எந்தப் பக்கம் போனான்னு சொன்னா, இப்பவே நீ வூட்டுக்குப் போலாம். சொல்லலன்னா அவ எடத்துல நீ ஏறணும்."

எல்லம்மா கொஞ்சம் யோசித்தாள். "கப்பலு எங்க போவுது?"

"தூரம். கடலத் தாண்டி."

"எத்தினி நாளு?"

"மாசக் கணக்காவும்."

"அங்க ஏரி கீதா?"

ஆதிகேசவன் துரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாது. அந்த வேலையில் சேர்ந்த பிறகு தனக்குத் தெரியாத ஒன்றை யாரும் அவனிடம் கேட்டதில்லை. துரையிடம் கேட்டுச் சொல்லலாம். கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை. "தெரியாது எல்லம்மா" என்றான். அவள் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. வாசல் காவலில் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அதற்குள் கீழே வைத்த பறியிலிருந்து இறால்கள் துள்ள ஆரம்பித்திருந்தன. தண்ணீர் வடிந்ததும் அவை அப்படித்தான் செய்யும். கல் தரையில் ஒன்று, இரண்டு, ஐந்து. ஒன்று எம்பி துரையின் சப்பாத்தின்மேல் விழுந்தது. துரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கப்பல்களையும் பீரங்கிகளையும் வைத்திருந்தவர், விரலளவு இறாலுக்குக் காலைத் தூக்கி நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டார்.

எல்லம்மா குனிந்தாள். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பறிக்குள் போட்டாள். நாற்காலிக்கு அடியில் போனதை மண்டியிட்டுத் தடவி எடுத்தாள். தடவுவது அவளுக்குப் புதிதா? கடைசி இறாலையும் போட்ட பிறகு நிமிர்ந்து நின்றாள். துரையை ஒரு முறை பார்த்தாள். ஆதிகேசவனை ஒரு முறை பார்த்தாள்.

பிறகு பறியைத் தூக்கி, வழக்கமான இடத்தில், பல்லால் கடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்கிறாள்?" என்று துரை தன் மொழியில் கேட்டார்.

7

இதை எழுதி முடித்த காலை நான் எழுந்து போய் ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒருத்தியை நான் எழுதுவேன் என்று எனக்கே தெரியாது. முப்பத்தோரு வருடம் கீழ்ப்படிந்த கை இது.

ஆனால் கதை என்றால் முடிவு வேண்டும். எழுதிப் பார்த்தவை:

முடிவு ஒன்று. முனியன் குப்பத்துக்கு ஓடுகிறான். கையால் பிடிக்கிறவர்கள், வலைக்காரர்கள், முகத்துவாரத்தில் கப்பலுக்கு ஆள் ஏற்றும் தோணிக்காரர்கள், எல்லோரும் திரண்டு கோட்டைக்கு முன்னால் தண்ணீரில் இறங்கி நிற்கிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பறி. ஆதிகேசவன் மதில்மேல் நின்று என்ன கேட்டாலும் பதில் இல்லை. தோணி நகராமல் கப்பலுக்கு ஆள் போக முடியாது. துரை இறங்கிவந்து எல்லம்மாவை விடுகிறார். எழுதும்போது அழுதேன். மறுநாள் படித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. படிவத்தில் பெயர் சொல்லவே யோசிக்கிற சனங்கள், என் கதை நன்றாக முடிய வேண்டும் என்பதற்காக இவ்வளவு ஒழுங்காக வரிசையில் வந்து நிற்பார்களா? நின்றாலும் நிற்கலாம். எனக்காக நிற்க மாட்டார்கள்.

முடிவு இரண்டு. "என்ன சொல்கிறாள்?" என்று துரை கேட்டதும் ஆதிகேசவன், "பாவம், இவளுக்குப் புத்தி சரியில்லை. எதையும் பார்த்திருக்க மாட்டாள்" என்கிறான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் கூட்டிச் சொன்ன முதல் வார்த்தை. துரை கையை வீசி அவளை அனுப்பிவிடுகிறார். இது நடக்கக்கூடியது. எனக்கு ஆசையாகவும் இருந்தது, ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இப்படி முடித்தால் எல்லம்மா பைத்தியமாகி வெளியே போகிறாள், ஆதிகேசவன் நல்லவனாகி உள்ளே நிற்கிறான். அவள் விலை கொடுத்து வாங்கியதை அவனுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என்னையே உள்ளே வைத்துக்கொண்டு கதையை நானே எடுத்துக்கொள்கிற வேலை அது.

முடிவு மூன்று. "மாலையில் முகத்துவாரத்தைத் தாண்டித் தோணி போனபோது, எல்லம்மா திரும்பி ஏரியை"

இதை முடிக்க முடியவில்லை. நான்கு முறை உட்கார்ந்தேன்.

8

நான்காம் முறை எழுந்தபோதுதான் மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். நானே எழுதியதை நானே கவனிக்காமல் விட்டிருந்தேன்.

வாயில் பறியோடுதான் அந்தப் பெண்ணுக்கு எல்லம்மா வழி காட்டினாள். முகத்தைத் திருப்பினாள், பறி திசையைச் சொன்னது. காலை இழுத்து நடக்கவும் கற்றுக்கொடுத்தாள். அப்படியானால் தோணியில் ஆதிகேசவன் வந்து கேட்டபோதும் அவளால் பதில் சொல்லியிருக்க முடியும். அதே பறி, அதே கழுத்து. கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும். அவள் திருப்பவில்லை. நேராக வைத்திருந்தாள்.

ஆக, அவள் வாய் அடைபட்டிருந்தது என்று நான் அவளுக்காகப் பரிந்து பேசியதெல்லாம் வீண். அவளை நான் இரக்கத்தால் குறைத்துவிட்டேன். முதல் கேள்வியிலிருந்தே அவள் மறுத்துக்கொண்டுதான் இருந்தாள். யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. சந்தேகமெல்லாம் எனக்குத்தான். கோட்டையில் நடந்தது அவளுக்கு இரண்டாம் தடவை. முதல் தடவை மறுத்தபோது விலை தெரியாது. இரண்டாம் தடவை விலையைக் கேட்டு, நாள் கணக்கைக் கேட்டு, அங்கே ஏரி இருக்கிறதா என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டு மறுத்தாள்.

வசந்தாவும் தலையை ஆட்டியிருக்கலாம். கைவேலையை நிறுத்தி ஒரு நிமிடம் கரைக்கு வந்திருக்கலாம். வரவில்லை. தன் ஏரியில் இறால் எங்கே இருக்கிறது என்பதைக் கரையில் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்திக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். "அப்டியே வுடு, நல்லாத்தான் கீது" என்று என்னிடமே சொன்னாள். எனக்குப் புரியப் பதினாறு வருடம் ஆகியிருக்கிறது.

பொய் எழுதினேன் என்று முதல் பகுதியில் சொன்னேன் அல்லவா? அதைத் திரும்பப் பெறுகிறேன். முப்பத்தோரு வருட வேலையில் நான் எழுதியவற்றிலேயே சரியான வரி அதுதான். அந்த இரண்டு வார்த்தைக்கும் காரணம் அவள். என் பங்கு மை மட்டும்.

9

இனி உங்களிடம் வருகிறேன்.

அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எல்லம்மா நிற்கிறாள், பல்லில் பறி. ஆதிகேசவன் துரைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தோணிக்குப் பின்னாலேயே வந்த முனியன் கோட்டை வாசலில் ஈரத்தோடு நிற்கிறான். முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் காத்திருக்கிறது. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கோபப்பட வேண்டாம். கதை படிக்கிறவர் உட்காரும் இடம் அதுதான், நானும் எத்தனையோ கதைகளில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்தப் பெண் எந்தப் பக்கம் போனாள், தப்பித்தாளா? எல்லம்மாவுக்கு என்ன ஆயிற்று?

எனக்கு முதலாவது தெரியும். பொய்யாக எழுதி அடித்த அந்த இடத்தில் நான் எழுதாமல் விட்ட உண்மையான திசை எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் போதும், கதை உடனே நன்றாக முடிந்துவிடும். நீங்கள் திருப்தியோடு புத்தகத்தை மூடலாம், எல்லம்மா வீட்டுக்குப் போகலாம், முனியனோடு மத்தியானத்துக்கு இறால் குழம்பு சாப்பிடலாம். ஒரு சொல்தான். துரை கேட்ட பேரமும் அதேதான்.

சொல்லலாமா என்று எல்லம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தாள். அவ்வளவுதான்.

எனவே அவளுடைய முடிவை உங்களிடம் விடுகிறேன். முதல் முடிவை எடுத்துக்கொண்டால் அத்தனை பறியில் ஒன்று உங்கள் வாயில் இருக்க வேண்டும். இரண்டாவதை எடுத்துக்கொண்டால் துரைக்கு முன்னால் கூட்டிச் சொல்ல உங்களுக்குத் துணிவு இருக்க வேண்டும். மூன்றாவதை எடுத்துக்கொண்டால் அந்த வாக்கியத்தை நீங்களே முடியுங்கள். முடித்த பிறகு நன்றாகத் தூங்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

ஓடிப்போனவளைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். இல்லை, கேளுங்கள். கேட்பது உங்கள் வேலை. நீல மைப் பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், படிவத்துக்கான விவரத்தை நானே சொல்கிறேன்.

பெயர்: தெ. இந்திராணி.

ஊர்: திருப்பாலைவனம்.

கேள்வி: அவள் எந்தப் பக்கம் போனாள்?

கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பதிலளிக்க மறுத்தார்.